திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையம்: கடற்றுறையின் வழித்தோன்றல்

1. தோற்றுவாய்

நாட்டு வரலாறு எழுதப் புகுவோர் கோயிலையும் கோட்டையையும் துறைமுகத்தையும் ஆராய்தல் மரபு. கல்வெட்டும் செப்பேடும் பெரும்பாலும் அவற்றைச் சார்ந்தே கிடைத்தலின் அம்மரபு பொருத்தமுடையதே. ஆயின் நம் காலத்து மக்கள் நாட்டெல்லையைக் கடந்து செல்வதும் மீள்வதுமாகிய நிகழ்ச்சி பெரிதும் நடைபெறும் இடம் வானூர்தி நிலையமே. அது பொறியியலார்க்கும் வாணிகத் துறையார்க்கும் உரிய பொருள் எனக் கருதப்பட்டமையின், தமிழாய்வின் எல்லைக்குள் இன்னும் முழுமையாக இடம்பெற்றிலது. வரலாற்றோடும் மொழியோடும் மக்கள் வாழ்வோடும் அதற்குள்ள தொடர்பு பெரிது என்பதை இக்கட்டுரையின்கண் காட்ட முயல்கின்றோம்.

ஆய்வுக்கு நாம் எடுத்துக்கொண்டது திருச்சிராப்பள்ளிப் பன்னாட்டு வானூர்தி நிலையம். தமிழகத்தில் பன்னாட்டுப் பயணியர் தொகையால் சென்னைக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது இதுவே. இந்நிலையத்தில் உள்நாட்டிற்குள் செல்லும் பயணியரினும் கடல்கடந்து செல்லும் பயணியரே மிகுதி. தலைநகரும் அன்று, கடற்கரைப் பட்டினமும் அன்று. காவிரிக்கரையில் உள்நாட்டின் நடுவே அமைந்ததோர் ஊர் இத்தகைய நிலையை எவ்வாறு எய்தியது? இவ்வினாவிற்கு விடை காண்பதே நம் நோக்கம். அவ்விடை கட்டடங்களின் வரலாற்றில் மட்டும் கிடைப்பதன்று. குரும்பலூர் போன்ற புன்செய் ஊர்களின் வரலாற்றிலும் தேடத்தக்கது என்பதே நம் கருத்து.

2. பெயரும் பொருளும்

முதற்கண் சொல்லாராய்ச்சி சிறிது செய்தல் வேண்டும். 'விமானம்' என்னும் சொல் கோயிற்கலையில் கருவறைமேல் எழும் கட்டடத்தைக் குறிக்கும். தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் ஓங்கி நிற்பவை அவ்விமானங்களே. அச்சொல்லே இன்று வானிற் பறக்கும் ஊர்திக்கும் வழங்குகிறது. 'வானூர்தி' என்பது பிற்காலத்தார் வெறிதே புனைந்த சொல் அன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 27-ஆம் பாட்டில், செலுத்துவார் இன்றியே செல்லும் வான ஊர்தி பற்றிய கருத்து வருகின்றது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி வானூர்தி ஏறிச் செல்கின்றாள். சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறி ஏறி அரண்மனையினின்றும் தப்புகின்றாள்.

இம்மூன்று இடங்களிலும் ஊர்தி மக்களைக் கொண்டு செல்லும் நோக்கம் யாது என்பதைக் கருதுதல் வேண்டும். முதல் இரண்டிலும் அது துறக்கம் புகுவாரைச் சுமப்பது. மூன்றாவதில் உயிர்தப்பி ஓடுவாரைச் சுமப்பது. சென்றவர் அதே ஊர்தியில் வீடு திரும்பும் செய்தி இவற்றுள் இல்லை. இன்றைய வானூர்தி நிலையமோ மீட்சியை முதன்மையாகக் கொண்டது. எனவே வான ஊர்தி பற்றிய பழங்கற்பனைகளைக் காட்டிலும், கலம் செல்வதும் வருவதுமாகிய 'துறை' என்னும் பழஞ்சொல்லே இதற்கு நெருங்கிய உறவுடையது என்க.

'முனையம்' என்பது பயணியர் கட்டடத்திற்கு இக்காலத்தார் அமைத்த சொல். 'முனை' என்பது சங்க நூல்களில் பகைவர் நிலமும் தம் நிலமும் சந்திக்கும் போரெல்லையைக் குறிக்கும். முனையத்தின் உள்ளே குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் நிகழும் இடம் ஒரு நாட்டின் ஆட்சிக்கும் பிறநாட்டின் ஆட்சிக்கும் இடைப்பட்ட எல்லையே ஆதலின், சொல்லாக்கியோர் அறிந்து அமைத்தனரோ அறியாது அமைத்தனரோ, சொல் பொருத்தமாக வாய்த்துள்ளது.

மக்கள் வழக்கு வேறு. 'ஏர்போர்ட்' என்பதே பேருந்துப் பலகையிலும் பேச்சிலும் உள்ளது. ஒருவரை 'ஏற்றிவிட்டு வருதல்', 'கூட்டிவரப் போதல்' என்னும் தொடர்கள் எவரை, எங்கு என்று கூறாமலே வானூர்திப் பயணத்தைக் குறிக்கும் அளவிற்கு இவ்வட்டாரத்தில் வேரூன்றியுள்ளன. கூலிக்காகப் பிறர் பொருளைத் தம் பெட்டியில் வைத்து வெளிநாட்டிலிருந்து கொணர்வாரைக் 'குருவி' என்னும் வழக்கும் உண்டு. ஓரிடத்தில் நில்லாது பறந்து சென்று மீளும் இயல்பு பற்றி எழுந்த ஆகுபெயர் போலும் இது.

3. கடற்றுறைகளின் முன்வரலாறு

காவிரி நாட்டார் கடல்கடந்து செல்லுதல் புதிதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்கள் அளவிறந்து குவிந்தமையையும், சுங்கங் கொள்வோர் அவற்றிற்குப் புலிப்பொறி இட்டமையையும் விளங்கக் கூறும். பின்னர் நாகப்பட்டினம் தலையெடுத்தது. முதலாம் இராசராசன் காலத்தில் சீவிசய நாட்டு மன்னன் அங்குச் சூடாமணி விகாரம் எடுப்பித்ததையும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பெற்றதையும் லெய்டன் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின்மேற் படை செலுத்தினான். கடலை அடுத்திராத ஓர் உள்நாட்டுத் தலைநகர், மலாய்த் தீபகற்பத்தோடும் சுமத்திராவோடும் தொடர்பு பூண்டிருந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. சுமத்திராத் தீவின் பாரூசை அடுத்த லோபு துவாவிற் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மேற்கூறிய சான்றுகள் மன்னரையும் வணிகரையும் பற்றியன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ கடல்கடந்தோர் பெரும்பாலும் உழைப்பாளர் ஆயினர். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம், மதுரை மாவட்டங்களினின்றும் புதுக்கோட்டைச் சீமையினின்றும் மக்கள் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பெற்றனர். அக்காலத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளும் அடங்கும். இலங்கைத் தோட்ட முதலாளிகளின் பொருட்டு ஆள் திரட்டுவதற்கென 1904-இல் அமைக்கப்பெற்ற இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியே ஆகும். ஆள் திரட்டும் அலுவலகம் கடற்கரையில் அமையாது உள்நாட்டில் அமைந்ததன் காரணம் வெளிப்படை. கப்பல் நிற்கும் இடத்தைக் காட்டிலும் ஆள் கிடைக்கும் இடமே அதற்கு வேண்டியதாயிற்று.

அவ்வாறு சென்றோர்க்கு 1901 முதல் தகரவில்லை முறை நடைமுறையில் இருந்தது. கழுத்திலோ கையிலோ அணியுமாறு கொடுக்கப்பெற்ற அவ்வில்லையில் அவர் செல்லும் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அணிந்தவரின் பெயர் அதில் இல்லை. வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கிற் சேர்த்துக்கொள்ள அவ்வெண்ணே போதுமானதாய் இருந்தது.

இலங்கைக்குச் செல்வோர் திருச்சிராப்பள்ளி வழியே இருப்புப் பாதையில் மண்டபமும் தனுட்கோடியும் அடைந்து, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறினர். 1914 முதல் நிகழ்ந்த அப்பயணம், 1964 டிசம்பர்ப் புயலில் தனுட்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்து, 1984-இல் நின்றது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்வோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். 'இரசூலா' என்னும் கப்பலையும் அதன்பின் வந்த 'சிதம்பரம்' என்னும் கப்பலையும் இவ்வட்டார முதியோர் இன்றும் நினைவு கூர்வர். 'சிதம்பரம்' கப்பலில் நேர்ந்த தீ விபத்தோடு அதன் பயணியர் பணி முடிவெய்தியது. இருவேறு கடல்வழிகளும் அற்றுப்போயின என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கடற்றுறை ஒழிந்தவிடத்து வான்துறை அதன் கடமையை முழுவதும் ஏற்க நேர்ந்தது.

4. நிலையத்தின் வரலாறு

இந்தியாவில் ஒழுங்கான வான் அஞ்சற் பணியை 1932 அக்டோபர் 15-ஆம் நாள் டாட்டா குழுமத்தார் தொடங்கினர். கராச்சியிலிருந்து பம்பாய் வரை சே.ஆர்.டி. டாட்டாவும், பம்பாயிலிருந்து சென்னை வரை நெவில் வின்சென்ட்டும் வானூர்தி செலுத்தினர். 1938-இல் பேரரசு வான் அஞ்சல் திட்டத்தின்கீழ் இத்தடம் சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்புக்கு நீட்டிக்கப்பெற்றது. எனவே வானூர்தித் தடத்தில் திருச்சிராப்பள்ளி இடம்பெற்றபோதே கடல்கடந்த நாட்டிற்குச் செல்லும் வழியில் அமைந்ததோர் இடையிடமாகவே இடம்பெற்றது. முதலிற் கடல்கடந்தவை கடிதங்கள். மக்கள் அவற்றின் பின்னர்ச் சென்றனர்.

இவ்வூர் இதற்குத் தக்கதாய் வாய்த்தமைக்கு இருப்புப் பாதையே அடிப்படை. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும், 1862-இல் திருச்சிராப்பள்ளிக்கும் பாதை அமைந்தது. நாகப்பட்டினத்தில் இயங்கிய இருப்புப் பாதைப் பணிமனை 1928-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பெற்றது. கடற்கரைப் பட்டினத்தின் பொறுப்புகள் ஒவ்வொன்றாக உள்நாட்டு நகருக்குப் பெயர்ந்து வந்தமைக்கு இஃது ஒரு சான்று. வானூர்தி நிலையமும் பொன்மலைக்கு அணித்தே அமைந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை இந்நிலையத்தைப் பயன்படுத்தியது. அப்போர்க் காலத்தில் தஞ்சாவூர், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு முதலிய இடங்களிலும் ஓடுபாதைகள் இருந்தன. போர் முடிந்தபின் அவற்றின் நிலை வேறுவேறாயிற்று. தஞ்சாவூர் வான்படைத் தளமாயிற்று. 2020 சனவரியில் சுகோய் போர் வானூர்திகளைக் கொண்ட படைப்பிரிவு ஒன்று அங்கு நிலைநிறுத்தப்பெற்றது. உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு ஓடுபாதைகள் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தன. திருச்சிராப்பள்ளி மட்டுமே மக்கள் பயணத்திற்குரியதாய் வளர்ந்தது. ஒரே காலத்தில், ஒரே தேவை பற்றிப் பயன்பட்ட ஓடுபாதைகளுள் ஒன்று மட்டும் வளர்ந்தமைக்குக் காரணம், அதனைச் சுற்றி அக்கரைச்சீமையோடு உறவுகொண்ட மக்கள் வாழ்ந்தமையும் அவர்கள் வந்து கூடும் சந்திப்பாக அவ்வூர் விளங்கியமையுமே எனலாம்.

விடுதலைக்குப் பின் ஏர் சிலோன் நிறுவனத்தின் வானூர்திகள் யாழ்ப்பாணம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு வந்து சென்றன. 1953-இல் இந்திய வானூர்திக் குழுமங்கள் நாட்டுடைமையாயின. 1995 ஏப்ரல் 1-ஆம் நாள் இந்திய வானூர்தி நிலையங்களின் ஆணையம் தோன்ற, இந்நிலையம் அதன் ஆளுகைக்கு உட்பட்டது. 2009-இல் புதிய ஒருங்கிணைந்த முனையம் பணிக்கு வந்தது. பழைய முனையம் பின்னர்ச் சரக்குப் பணிக்கு ஆக்கப்பெற்றது. 2012 அக்டோபர் 4-ஆம் நாள் ஒன்றிய அமைச்சரவை இலக்குமணபுரி, வாரணாசி, மங்களூர், கோயம்புத்தூர் ஆகியவற்றோடு திருச்சிராப்பள்ளிக்கும் பன்னாட்டு நிலையத் தகுதி வழங்கியது. அதற்குப் பல்லாண்டு முன்பே இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் இங்கிருந்து வானூர்திகள் சென்றுகொண்டிருந்தன. ஆதலின் 2012-ஆம் ஆண்டு ஆணை ஒரு புதிய நிலையைப் படைத்ததன்று; மக்கள் முன்பே படைத்துவிட்ட நிலையை ஏற்றுக்கொண்டதே ஆகும்.

2019 பிப்ரவரி 10-ஆம் நாள் இன்றைய முனையத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1,100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் எழுந்த அதனை 2024 சனவரி 2-ஆம் நாள் தலைமை அமைச்சர் நரேந்திர மோதி திறந்து வைத்தார். அவ்வாண்டு சூன் 11 முதல் அது பயணியர் பணிக்கு வந்தது. 2025 மார்ச்சு இறுதியில் யாழ்ப்பாணத்திற்கும் நேர் வானூர்திப் பணி தொடங்கியது. ஏர் சிலோன் காலத்துத் தடம் இவ்வாறு மீண்டும் உயிர்பெற்றது.

5. அமைப்பும் வசதிகளும்

நிலையம் நகரின் தென்பால், புதுக்கோட்டைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையைச் சார்ந்து அமைந்துள்ளது. ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். ஓடுபாதையின் ஒரு முனைக்கு 09 என்றும் மறுமுனைக்கு 27 என்றும் எண்ணிட்டிருப்பர். வடக்கிலிருந்து வலமாக அளந்த திசைப்பாகையைப் பத்தால் வகுத்துப் பெற்ற எண்கள் அவை. 90 பாகை கிழக்கு, 270 பாகை மேற்கு. வானூர்தி காற்றை எதிர்த்தே எழவும் இறங்கவும் வேண்டும். ஆனி ஆடித் திங்கள்களில் இந்நிலத்தில் மேல்காற்று வலிதாய் வீசுவதை உழவர் அனைவரும் அறிவர். அக்காற்றின் போக்கிற்கு ஓடுபாதையின் கிடை ஒத்திருக்கின்றது. முந்தையோர் பருவக்காற்று அறிந்து கலம் செலுத்தியவாறே, இக்காலத்தாரும் காற்றின் திசை நோக்கியே ஓடுபாதை வகுக்கின்றனர்.

இன்றைய முனையம் இருதளமுடையது. ஆண்டொன்றுக்கு 44 இலட்சம் பயணியரையும், நெருக்கமிக்க ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 3,500 பயணியரையும் ஏற்கும் அளவினதாக அது திட்டமிடப்பெற்றது. திருவரங்கக் கோயிலின் வண்ணங்களும் கோலக்கலையும் அதன் ஒப்பனைக்கு அடிப்படையாயின. பயணச்சீட்டும் பெட்டியும் சரிபார்க்கும் முகப்புகள் 60. வந்த பெட்டிகள் சுழன்று வரும் பட்டைகள் 5. வருவோர்க்குரிய குடியேற்றச் சோதனை முகப்புகள் 60. செல்வோர்க்குரியவை 44 எனத் திறப்பு விழாவின்போது அரசு அறிவித்தது.

இவ்வெண்கள் ஒரு கட்டடத்தின் அளவுகள் மட்டுமல்ல. உற்று நோக்குவார்க்குச் செய்தி கூறுவன. செல்வோர்க்குரிய முகப்புகளினும் வருவோர்க்குரியன மிகுதியாய் இருத்தல் ஏன்? செல்வோர் மூன்று மணி நேரத்திற்கு முன்பிருந்தே சிறிது சிறிதாக வந்து சேர்வர். வருவோரோ வானூர்தி ஒன்றினின்று ஒரே வேளையில் இறங்குவர். இரண்டு மூன்று வானூர்திகள் அடுத்தடுத்து வந்துவிடின் அவர் தொகை பல நூறாகும். வருவோர்க்கு மிகுதியான இடம் வகுத்தமைக்கு இதுவே காரணமாதல் வேண்டும் என்பது நம் கருத்து. மீட்சியை முதன்மையாகக் கொண்டது வானூர்தி நிலையம் என்று மேலே கூறியதற்கு இவ்வமைப்பும் துணைநிற்கிறது.

முனையத்திற்கு வெளியே உள்ள இடமும் அமைப்பின் ஒரு கூறாகக் கொள்ளத்தக்கது. இவ்வட்டாரத்தில் ஒருவர் அயல்நாடு செல்லுங்கால் அவரை வழியனுப்ப வேன் அமர்த்திக்கொண்டு குடும்பத்தார் பலரும் வருதல் வழக்கம். வருங்காலும் அவ்வாறே. பயணியர் ஒருவர்க்கு வெளியே நிற்போர் பலர். கட்டடத்தின் கொள்ளளவைக் கணக்கிடுவோர் பயணியரையே எண்ணுவர். வாயிலுக்கு வெளியே நிற்போரை எண்ணும் கணக்கு நம்மிடம் இல்லை.

சரக்குப் பணியும் இங்கு உண்டு. காய்கறி, பூ முதலிய விரைந்து வாடும் பொருள்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் செல்கின்றன. பயணியர் வானூர்தியின் அடிவயிற்றிலேயே இச்சரக்கும் செல்லுதலின், பயணியர் தடம் குறையின் காய்கறி விடுப்போர்க்கும் இழப்பு உண்டாகும். சுங்கத்துறையினர் தங்கம் கைப்பற்றிய செய்திகளும் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. புலிப்பொறி இட்டார் காலத்திலிருந்து துறையும் சுங்கமும் இணைபிரியாமையை இது காட்டும்.

6. குரும்பலூரும் பொருள்வயிற் பிரிவும்

குரும்பலூர் பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் வழியில் உள்ள ஊர். மேற்கே பச்சைமலை. சுற்றிலும் பெரும்பாலும் மானாவாரி நிலம். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் இவ்வட்டாரத்தின் விளைபொருள்கள். மழை பொய்ப்பின் விளைவும் பொய்க்கும். பெரம்பலூர் மாவட்டத்தில் இருப்புப் பாதை இல்லை. சென்னையையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் நெடுஞ்சாலையே அதன் உயிர்நாடி. அச்சாலையில் தெற்கு நோக்கிப் பாடாலூரும் சமயபுரமும் கடந்து, கொள்ளிடமும் காவிரியும் தாண்டி, டி.வி.எஸ். டோல்கேட் வழியாகப் புதுக்கோட்டைச் சாலையிற் சென்றால் வானூர்தி நிலையம் வரும். இருப்புப் பாதையே வாராத மாவட்டத்தார்க்கு வானூர்தி நிலையம் இரண்டு மணி நேரத்திற்கு உட்பட்ட தொலைவில் இருப்பது முரண் போலத் தோன்றும். எனினும் இம்மாவட்டத்தின் இலெப்பைக்குடிக்காடு, வ.களத்தூர் முதலிய ஊர்களில் வளைகுடா நாடுகளிலும் பிற நாடுகளிலும் உழைப்போர் பலர் உளர் என்பதை அறிந்தார்க்கு அம்முரண் நீங்கும்.

இலக்கண நூலார் பொருள்வயிற் பிரிவு எனப் பாலைத்திணைக்கண் வகுத்தது இவ்வாழ்வையே. கடல்வழிச் செல்லும் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லுதல் இல்லை எனத் தொல்காப்பியம் அகத்திணையியலில் விதிக்கின்றது. அவ்விதிக்கு உரையாசிரியர் வேறுவேறு விளக்கம் கூறுவர். இன்றைய வளைகுடா நாடுகளில் குடும்பத்தை உடன்வைத்துக்கொள்ளக் குறிப்பிட்ட அளவு ஊதியம் வேண்டும் என்னும் விதி உண்டு. கட்டடத் தொழிலாளியின் ஊதியம் அவ்வளவை எட்டுவது அரிது. அன்று நூல்வழக்கால் நேர்ந்த தனிமை இன்று ஊதியக் கணக்கால் நேர்கின்றது. காரணம் வேறாயினும் துயரம் ஒன்றே. பாலைத்திணையைப் பயிற்றும் ஆசிரியரும் பயிலும் மாணவரும் இத்திணைக்குரிய மாந்தரைத் தேடிப் பழங்காலத்திற்கு மட்டும் செல்ல வேண்டுவதில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. வானூர்தி நிலையத்திற்கு அணித்தே கொட்டப்பட்டு என்னும் இடத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் ஏற்பட்ட சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை, இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என வகுத்தது. 1983-க்குப் பின் போர் காரணமாக ஏதிலியராய் வந்தோர் வேறு. ஒரு தலைமுறையில் தோட்டத்திற்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள் பின்னொரு தலைமுறையில் வீடின்றி மீண்டனர். வானூர்தி நிலையத்தின் வேலிக்கு ஒருபுறம் கடவுச்சீட்டோடு செல்வோரும், அதற்குச் சிறிது தொலைவில் எந்நாட்டுக் குடியுரிமையும் எளிதிற் கிட்டாதோரும் வாழ்வது, இவ்விடத்தின் வரலாற்றை ஒருபக்கமாக எழுதல் ஆகாது என்பதை நமக்கு அறிவுறுத்தும்.

7. தீராத இரு வழக்குகள்

நிலையத்தின் வளர்ச்சி பற்றி நெடுநாளாக நிலவும் வழக்குகள் இரண்டு. முதலாவது ஓடுபாதையின் நீளம். 2,480 மீட்டர் நீளம் இன்று வரும் நடுத்தர வானூர்திகளுக்குப் போதும். நெடுந்தொலைவு செல்லும் பெரிய வானூர்திகள் முழுச்சுமையுடன் எழுவதற்கு அஃது ஏற்றதன்று. நீட்டிப்பிற்கோ நிலம் வேண்டும். தனியார் நிலமும் பாதுகாப்புத் துறையின் நிலமும் அதில் அடங்குதலின் அப்பணி காலந்தாழ்த்தே நடைபெற்று வந்தது. நிலம் இழப்போர் தம் வீட்டையும் மனையையும் இழப்பவர் ஆதலின், அவர் கேட்கும் இழப்பீட்டைத் தடை என்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது.

ஓடுபாதையைச் சார்ந்த இரு நிகழ்ச்சிகளை இவண் குறித்தல் தகும். 2018 அக்டோபர் 12-ஆம் நாள் விடியற்கு முன் துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்சுபிரசு வானூர்தி ஓடுபாதையின் இறுதியில் சுற்றுச்சுவரில் மோதி எழுந்தது. அதிலிருந்த 136 பேரும் மும்பையில் உயிர்தப்பி இறங்கினர். 2024 அக்டோபர் 11-ஆம் நாள் சார்சாவிற்குப் புறப்பட்ட வானூர்தியில் நீர்ம அழுத்த அமைப்பு பழுதுறவே, எரிபொருளைக் குறைக்கும் பொருட்டு இரண்டு மணி நேரத்திற்கு மேல் அது வானில் வட்டமிட்டு, 141 பேருடன் இந்நிலையத்திலேயே நலமுடன் இறங்கியது. இரண்டு வானூர்திகளும் வளைகுடாவிற்குச் செல்வன என்பது தற்செயல் எனினும், இத்தடத்திற் செல்வார் யாவர் என்பதை நினைவூட்டும்.

இரண்டாவது வழக்கு நாடுகளுக்கிடையேயான வானூர்தி உடன்படிக்கை பற்றியது. ஒரு நாட்டின் குழுமம் மற்றொரு நாட்டின் எந்தெந்த நகரங்களுக்கு வரலாம் என்பதை அவ்வுடன்படிக்கைகளே வரையறுக்கும். ஐக்கிய அரபு அமீரகத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் நகர்ப்பட்டியலில் திருச்சிராப்பள்ளி நெடுங்காலம் இடம்பெறாதிருந்தமையின், அந்நாட்டுக் குழுமங்கள் இங்கு வர இயலவில்லை. ஊர்தி குறையின் கட்டணம் ஏறும். கட்டணம் ஏறின் ஆண்டிற்கு ஒருமுறை ஊர் திரும்புவோன் ஈராண்டிற்கு ஒருமுறை திரும்புவான். பட்டியலிலுள்ள ஒரு பெயர் குரும்பலூர் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றின் பிரிவுக் காலத்தை அளக்கும் கோலாகிவிடுகின்றது.

8. முடிபு

மேற்கூறியவற்றால் நாம் கொள்ளும் முடிபுகள் மூன்று. திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையம் நாகப்பட்டினமும் தனுட்கோடியும் ஆற்றிய பணியை ஏற்றுக்கொண்ட துறையே என்பது ஒன்று. அதனைப் பன்னாட்டு நிலையமாக்கியது 2012-ஆம் ஆண்டு ஆணையினும், ஒரு நூற்றாண்டிற்கு மேலாகக் கடல்கடந்து உழைத்த மக்களின் போக்குவரவே என்பது மற்றொன்று. அதன் அமைப்பிலும் வழக்காறுகளிலும் இவ்வுண்மையின் தடங்கள் காணக்கிடக்கின்றன என்பது மூன்றாவது.

ஐந்நூற்றுவர் தம் குழுவின் பெயரைக் கல்லிற் பொறித்தனர். தோட்டத் தொழிலாளியின் தகரவில்லையில் தோட்டத்தின் எண் மட்டுமே இருந்தது. இன்று செல்வோரின் கடவுச்சீட்டில் அவர்தம் பெயரும் ஊரும் உள்ளன. எனினும் அவை அரசின் ஏட்டில் உள்ளனவேயன்றி வரலாற்றில் இடம்பெற்றில. கப்பலிற் சென்று மீண்ட முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அவர்கள் வழங்கும் சொற்களும், அவர்கள் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் கடிதங்களும் பழைய பயண ஆவணங்களும் தொகுக்கப்பெறாவிடின் இருபது ஆண்டுகளில் மறைந்துவிடும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக் கல்லூரிகளில் தமிழ் முதுகலை பயிலும் மாணவர் பலர் அத்தகைய வீடுகளினின்றும் வருவோரே. ஆய்வுப் பொருள் தேடி அவர்கள் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. தத்தம் வீட்டு முதியோரிடமிருந்தே அத்தொகுப்பைத் தொடங்கலாம்.